தக்காளிக்குக் கடல் மயக்கம்

மூன்று வருடங்களுக்கு முன், போர்ட் பிளேரில் ஜங்லிகாட் பக்கம் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. நல்ல மழைக்காலம். என் மனைவி கர்ப்பப்பை அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. தையல் ஆறிக்கொண்டு வந்தது. அவள்தான் தேறவில்லை. சாப்பாடு என்றாலே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஒரு நாளைக்கு அரை டம்ளர் கஞ்சி, நாலு வார்த்தை. அவ்வளவுதான்.

மகன் கடல் தாண்டி மெயின்லேண்டில் படிக்கிறான். வீட்டில் நான் மட்டும். அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அங்கே என் மேஜையைச் சுற்றி எப்போதும் சிரிப்புச் சத்தம் இருக்கும். ஆனால் எனக்குள் இருக்கும் அந்த ஜோக்கர் வீட்டுக்கு வந்ததும் செருப்போடு வாசலிலேயே நின்றுவிடுவான். எட்டு நாளும் அதே கஞ்சி, அதே துவையல், அதே “கொஞ்சம் சாப்பிடேன்”. அலுவலகத்திலிருந்து போகும் நினைவூட்டுக் கடிதம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கே என் குரல் அலுத்துவிட்டது.

இன்னும் இரண்டு நாளில் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பிக்காவிட்டால் மறுபடி அட்மிட் செய்து டிரிப் ஏற்ற வேண்டும், அதிலும் தேறாவிட்டால் மெயின்லேண்டு ஆஸ்பத்திரிக்கு எழுத வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். எங்கள் தீவில் ‘மெயின்லேண்டுக்கு எழுதிட்டாங்க’ என்று யாராவது சொன்னால், கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நான் வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக்கென்று பெட்டி கட்டினேன். அவள் மெல்ல எழுந்து வந்து திறந்து பார்த்தாள். என் பேண்ட் இரண்டு, இஸ்திரிப் பெட்டி, கரண்ட் பில் ஃபைல், ஒரு பாக்கெட் கொசுவர்த்தி. அவள் புடவை ஒன்றுகூட இல்லை. பெட்டியை மூடிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் திட்டாமல் விட்ட முதல் தப்பு அதுதான்.

மறுநாள் காலையில் அவளே வாய் திறந்தாள். “தக்காளி ரசம்னா ஒரு வாய் குடிப்பேன்.”

குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். கடல் கொந்தளிப்பில் ஐந்து நாளாகக் காய்கறி கொண்டுவரும் கப்பல் வரவில்லை. மூன்று கடைகளில் “கப்பல் வரல” என்று கையை விரித்துவிட்டார்கள். நாலாவது, ராமநாதபுரத்து பாய் ஒருவரின் காய்கறிக் கடை. அவரைக் கிறுக்கு என்றுதான் அந்தத் தெருவில் சொல்வார்கள். ஒரு சரக்கு இல்லையென்றால் அதைச் சிலேட்டில் எழுதி வாசலில் தொங்கவிடுவார். அன்றைக்கு எழுதியிருந்தது: “தக்காளிக்குக் கடல் மயக்கம். இரண்டு நாள் ஓய்வு. அதுவரை வெங்காயம் பொறுப்பு வகிப்பார்.”

மற்ற நாளாக இருந்தால், இது எனக்குத் தோன்றவில்லையே என்று லேசாகப் பொறாமை வந்திருக்கும். அன்றைக்குக் கோபம்தான் வந்தது. “வீட்ல ஒருத்தி பட்டினி கெடக்குறா, ஒங்களுக்கு வெளையாட்டா இருக்கா பாய்?” என்று கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. குடைத் துணியிலேயே மூக்கைத் துடைத்தேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, முழுவதையும் கேட்டார். “காலைலருந்து இல்ல இல்லன்னே சொல்லிக்கிட்டிருந்தா எனக்கே சோறு எறங்க மாட்டேங்குது மாப்ளே. அதான் இப்படி எதையாச்சும் கிறுக்குறது” என்றார். பிறகு உள்ளே போய், மரத்தில் கொத்துக் கொத்தாகக் காய்க்குமே, விரல் நீளப் புளிச்சக்காய், அதில் ஒரு கைப்பிடி கொண்டுவந்து பையில் போட்டார். “இதப் போட்டு வைங்க. ஆனா தக்காளி ரசம்னு சொல்லிக் குடுக்காதீங்க, கண்டுபுடிச்சிருவாங்க. நீங்களா ஒரு பேரு வைங்க. கிறுக்குத்தனமா இருந்தாலும் பரவால்ல.”

ரசம் வைத்தேன். என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. மகனின் பழைய ஸ்கெட்ச் பேனாவால் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, அவள் முகம் திருப்பும் சுவரில், அவள் கண்ணுக்கு நேராக ஒட்டினேன். “இன்றைய சிறப்பு: கப்பல் வராத ரசம். சமைத்தவர்: உயிருக்குப் பயந்தவர். உப்பு போட்டது அவருக்கு நினைவில்லை. குறைகளை எழுத்து மூலம் தெரிவித்தால் முப்பது நாளில் பதில் கிடைக்கும்.”

டம்ளரைக் கட்டிலருகே வைத்தேன். அவள் வழக்கம்போலச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் தோள் குலுங்க ஆரம்பித்தது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. தையல் பிரிந்துவிட்டது என்று நானே முடிவுகட்டி, லுங்கியோடு மழையில் தெருவுக்கு ஓடி ஒரு ஆட்டோவை மறித்தேன். டிரைவர் ஹிந்தியில் எங்கே போகணும் என்று கேட்டார். ஆஸ்பத்திரி என்ற வார்த்தை எனக்கு எந்த மொழியிலும் நினைவுக்கு வரவில்லை. “பீவி கா பேட் ஃபட் கயா” என்றேன். மனைவியின் வயிறு வெடித்துவிட்டதாம். அவர் வெலவெலத்துப் போனார்.

அப்போது ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. “உள்ள வாங்க. மானம் போகுது. சிரிக்கக்கூட விடமாட்டீங்களா மனுஷிய?” கையில் டம்ளர் இருந்தது. “இதுல உப்பே இல்ல. இது ஒரு ரசமா?”

டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் மழையில் நின்றபடியே, அவள் திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். டம்ளர் காலியாகியிருந்தது. பிறகு உப்புப் போட்டு, ஒரு பிடி சோற்றைப் பிசைந்து கொடுத்தேன். அதையும் சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் இன்றைக்கு என்ன சிறப்பு என்று அவளே கேட்டாள். எழுதி ஒட்டினேன். தினமும் நன்றாக வந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் அலுப்பு தாங்காமல் “இன்று எழுதுபவர் விடுப்பு” என்று மட்டும் எழுதினேன். அன்றைக்கும் ஒரு தட்டு சோறு இறங்கியது. டாக்டர் மெயின்லேண்டுக்கு எழுதவே இல்லை.

என் பயம் ஒன்றும் தெளிந்துவிடவில்லை. அவள் லேசாக இருமினால்கூட இன்றைக்கும் எனக்குக் கை நடுங்குகிறது. ஆனால் நடுங்குகிற கையாலும் கோணல்மாணலாக நாலு வரி எழுதலாம், அதைப் படித்து ஒருத்தி ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிடலாம் என்று தெரிந்த பிறகு, என்னை யாராவது கிறுக்கு என்றால் எனக்கு மறுத்துப் பேசத் தோன்றுவதில்லை.