பாஸ்புக்கில் மூன்று ரூபாய்

அப்பா இறந்து இரண்டு மாதம் கழித்துத்தான் அவருடைய பாங்க் பாஸ்புக்கை முதன்முதலாகத் திறந்து பார்த்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. கணக்கில் என் பேரும் சேர்ந்துதான் இருந்தது. ஆனால் அவர் பள்ளிக்கூட வாத்தியார், ஓய்வு பெற்ற பிறகும் பீரோ சாவியை இடுப்பை விட்டு எடுக்காத மனுஷர். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு என் வேலை முடிந்துவிடும்.

மாதாமாதம் ஐந்தாம் தேதி ஒரு வரி: சப்ஸ்கிரிப்ஷன், மூன்று ரூபாய். பின்னால் புரட்டிக்கொண்டே போனேன். ஆறு வருஷமாக அதே வரி. எங்கள் வீட்டுக்கு எந்தப் பத்திரிகையும் வந்ததில்லை. பேப்பரையே பக்கத்து வீட்டில் வாங்கித்தான் படிப்பார். கிளப், சீட்டாட்டம் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. சர்ச் சந்தாவை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நானே கையில் கொடுத்து ரசீது வாங்குகிறேன். அப்புறம் இது என்ன சந்தா? யாரோ கட்ட வேண்டியதை பாங்க்காரர்கள் எங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டேன். கோபம் வந்தால் அரை நாள் லீவு போட்டாவது சண்டை போடுகிற ஆள் நான்.

போட்டேன். "ஆறு வருஷமா எங்க பணத்தை எடுத்துக்கிட்டிருக்கீங்களே, கேக்க ஆள் இல்லைன்னு நெனச்சீங்களா?"

தாம்பரம் பாங்கில் இருந்த குமாஸ்தா நிதானமானவர். "உங்க அப்பாதாம்மா எழுதிக் கொடுத்திருக்கார். வேண்டாம்னா ஒரு லெட்டர் கொடுங்க, நிறுத்திடலாம்."

எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அதோடு சேர்த்துக் கோப்பதற்காக அவர் பழைய கடிதத்தை ஃபைலிலிருந்து எடுத்தார். அப்பாவின் சாய்ந்த எழுத்து. தன் மகனின் பேரில் மாதம் மூன்று ரூபாய் சர்ச் கணக்கில் கட்டிவர வேண்டும் என்று இருந்தது.

மகன் என்றால் என் அண்ணன். கோவளத்துப் பக்கம் மீன் விற்கிற வீட்டுப் பெண்ணுக்கு, அவர்கள் கோயிலிலேயே வைத்துத் தாலி கட்டியவன். அன்றிலிருந்து அப்பா யார் கேட்டாலும் "எனக்கு ஒரே பொண்ணு" என்பார். சர்ச்சில் எல்லார் காதிலும் விழும்படி அப்படிச் சொன்னவர், அதே இடத்தில் அவனுக்காக எப்படிப் பணம் நீட்டுவார்? அதற்குத்தான் பாங்க். எங்கள் சபையில் சந்தா நின்றுபோனால் பேரை அடித்துவிடுவார்கள். பேர் இல்லாவிட்டால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. மகன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, ஆனால் கடைசியில் தன் பக்கத்தில் வந்து படுக்க வேண்டும். என்ன மனுஷரோ!

என் கடிதத்தைத் திருப்பி வாங்கிக் கிழித்துப் போட்டேன். குமாஸ்தா பழைய கடிதத்தை மறுபடி ஃபைலில் கோத்தார்.

என்னைக் குத்தியது வேறொன்று. அடக்கத்தன்று அண்ணன் உள்ளே வராமல் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றான். "கடைசியா என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?" என்றான். "ஆறு வருஷமா உன் பேரைக்கூட எடுக்கல" என்று சொன்னவள் நான்தான். பொய்யில்லை. ஆனால் அவனுக்கு வலிக்கட்டும் என்றே சொன்னேன்.

கடிதத்தை பாங்கில் தர மாட்டார்கள் என்பதால் என் கையால் படி எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பம்மலில் இருந்த அவன் வீட்டுக்குப் போனேன். படித்துவிட்டு மடித்தான்.

"நீயே எழுதிக்கிட்டு வந்தியா?"

எனக்குச் சுருக்கென்றது. அண்ணிதான் குறுக்கே வந்தாள். "அது இன்னாத்துக்குப் பொய் சொல்லப் போவுது? பேங்க்குல போய்ப் பாத்துட்டுதான் வாயேன்."

அடுத்த மாதம் நான் போனபோது குமாஸ்தா சொன்னார். "உங்க அண்ணன் வந்திருந்தாரும்மா. அந்த லெட்டரைக் கேட்டார். ஃபைல்ல இருக்கிறதைக் கொடுக்க முடியாதுன்னேன். கொடுக்க வேணாம், பார்த்தா போதும்னார். கவுண்டர்ல நின்னே ரொம்ப நேரம் படிச்சார்."

கடிதம் நாலே வரிதான்.

சந்தாவை நான் நிறுத்தவில்லை. வாசலில் நான் சொன்னதை அண்ணன் என்றைக்காவது சொல்லிக் காட்டுவான் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தேன். அவன் சொல்லிக் காட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.