டயரை அழுத்திப் பார்த்தவர்

பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க்கடையில் நாங்கள் மூன்று நண்பர்கள் சைக்கிளிலேயே ஆசியாவைக் கடக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்த நாட்களில், அவர் தினமும் பக்கத்து மேசைக்கு வருவார். தேய்த்த வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. வாசலில் நிற்கும் எங்கள் சைக்கிள் டயர்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். பேச மாட்டார்.

“இந்த ஆளு ரகசிய போலீசு லா,” என்றான் ஒருவன். தாய்லாந்து எல்லைக் காடுகளில் கம்யூனிஸ்டுகள் இருந்த காலம் அது. அந்தப் பக்கம் போகிற எவன்மீதும் சந்தேகம் விழும். நாங்கள் சாலாக் செலாத்தானில் சீனப் பையன்களோடு வளர்ந்தவர்கள். அவருக்குப் புரியக்கூடாதென்று அன்றுமுதல் எல்லாவற்றையும் அவர்களுடைய கன்டனீஸ் மொழியில் பேசினோம்.

ஒரு மாலை அவர் எழுந்து எங்களிடம் வந்தார்.

“தாய்லாந்துல ஹாட்யாய் ரோட்டுல பாலம் உடைஞ்சிருக்கு. கொஞ்சம் பொறுத்துப் போங்க,” என்றார், எங்களைவிடச் சுத்தமான கன்டனீஸில்.

“நீங்க யாருண்ணே?” என்றேன் தமிழில்.

“டீ குடிக்க வரேன் தம்பி,” என்று சிரித்தார். அதன்பின் அவர் வரவேயில்லை.

நாங்கள் பொறுத்தோம். ஒருவனுக்குக் கிள்ளானில் வேலை கிடைத்தது, இன்னொருவனுக்குக் கல்யாணம். பயணம் அப்படியே நின்றுபோனது.

வெகுநாள் கழித்து, அந்தக் காலத்திலிருந்தே ஹாட்யாய்க்குச் சரக்கு ஏற்றிப் போகும் பண்டமாரான் ஊர் லோரிக்காரர் ஒருவரிடம் அந்த உடைந்த பாலத்தைப் பற்றிக் கேட்டேன்.

“எந்தப் பாலம்?” என்றார்.