வாசல் குழாய்

சுற்றுச்சூழல் புவியறிவியல் என்று ஹஸீனா தன் படிப்பின் பெயரைச் சொன்னால், இராஜபாளையத்தில் அவள் தெருவுக்கே நாக்கு சுளுக்கிக்கொள்ளும். "கல்லப் பத்தியும் தண்ணியப் பத்தியும் படிக்கா" என்று அம்மா ஹபீபுன்னிசா சுருக்கிவிடுவாள். அதுவும் சரிதான்.

இறுதியாண்டு ஆய்வுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் வரை இருபது கிணறுகளில் தண்ணீர் எடுத்தாள் ஹஸீனா. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தண்ணீர் ஒன்று வேண்டும். யோசிக்கவே இல்லை, தன் வீட்டு வாசல் குழாயில் பிடித்துக்கொண்டாள்.

அது அவளைப் பெற்ற அத்தா சேக் முகைதீன் மௌத்தான பிறகு அம்மா போட்ட ஆழ்துளைப் போர். இறந்தவர் பெயரில் தண்ணீர் கொடுத்தால், குடிக்க ஆள் இருக்கும்வரை அவருக்கு நன்மை போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. முந்நூறு அடியில் வெறும் ஈரம்தான் வந்தது. போர்க்காரர் கையை விரித்தார். "இன்னும் இறக்குங்க" என்று கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள் அம்மா. எழுநூறில் பீறிட்டது. ஒன்பது வருடமாகத் தெருவே அதைத்தான் குடித்தது.

ஆய்வகத்தில் கிணறுகள் ஏறக்குறைய தேறிவிட்டன. வாசல் குழாய்தான் தேறவில்லை. பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, நான்கு இருந்தது. மூன்று முறை சோதித்தாள். ஆலைக்கழிவு என்றால் யாரையாவது திட்டித் தீர்க்கலாம். இது ஆழத்துப் பாறை கரைந்து வந்தது. எதிர்வீட்டு முனீஸ்வரி மகளின் பல்லிலிருந்த பழுப்புக் கறை, அம்மாவுக்கு மடங்காத முழங்கால், எல்லாம் நினைவுக்கு வந்தன.

சொல்லாமலே விட்டுவிடலாமா என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தாள். நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் சொல்லிவிட்டாள்.

அம்மா அழவில்லை. "எம்புட்டு நாளா?" என்று மட்டும் கேட்டாள்.

"போர் போட்டதுல இருந்தேம்மா."

அன்றே குழாய்க்குப் பூட்டுப் போட்டு, காலை இழுத்து இழுத்து வீடு வீடாகப் போய் அம்மாவே காரணத்தைச் சொன்னாள். முனீஸ்வரி மகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

மறுவாரம் ஹஸீனா கல்லூரி விடுதியிலிருந்து ஊருக்கு வந்தபோது, அம்மா பூட்டைத் திறந்து ஒரு செம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா! குடிக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"தெருவுக்குத்தான் நிப்பாட்டியாச்சே ஏட்டி. ஒரு ஆளாவது குடிக்கணும்லா? இல்லன்னா ஒங்க அத்தாவுக்குப் போறது நின்னுரும்."

செம்பைத் தட்டிவிடக் கையை நீட்டினாள் ஹஸீனா. அம்மா குடித்து முடிக்கும்வரை அந்தக் கை நீட்டியபடியே நின்றது.