ஊக்கு குத்திய செருப்பு

வாசகரே, தீர்ப்பெழுதும் சிரமம் உங்களுக்கு வேண்டாம். அதை ரேஷன் கடை வாசலிலேயே எழுதி முடித்துவிட்டார்கள். நீங்கள் சாட்சியாக நின்றால் போதும்.

கள்ளக்குறிச்சியில் நடந்த பேச்சுப் போட்டியில் எனக்கு வாய்த்த தலைப்பு, 'அரசு இல்லாவிடினும் அறம் சமூகத்தைத் தாங்கும்'. தாங்கும் என்றேன். சான்றாக எங்கள் ஊர் ரேஷன் கடையை மேடைக்கு இழுத்து வந்தேன்.

"காலையில் தம் செருப்பை வரிசையில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். காவலர் இல்லை, சட்டப் பிரிவு இல்லை. ஆயினும் ஒரு செருப்பு மற்றொன்றை முந்தியதுண்டா?" என்று முழங்கி, மூன்று நொடி மௌனம் காத்தேன். கண்ணாடியின் முன் ஒரு வாரம் பழகிய மௌனம் அது. கோப்பை எனக்கே. காணொளியை ஊர் வாட்ஸ்அப் குழுவில் நானே பகிர்ந்தேன்; அடக்கம் கருதி, ஒரே ஒரு முறை.

மறுநாள் அம்மா, மனிதகுலத்தின் வழிகாட்டியாகிய என்னிடம் குடும்ப அட்டையைக் கொடுத்துப் பருப்பு வாங்கிவரச் சொன்னார். வரிசையின் கடைசியில் என் தோல் செருப்பை விட்டேன். அதற்கு முன்னால், வார் அறுந்து ஊக்கு குத்திய ரப்பர் செருப்பொன்று கிடந்தது. எங்கள் பின்தெருவில் குடியிருந்து கரும்பு வெட்டும் ஓர் அக்காவுடையது. மேற்கே கல்வராயன் மலைமேல் மேகம் கறுத்திருந்ததால், மழை வருமுன் கரும்பு லோடு ஏற்றிவிட வயலுக்கு ஓடியிருந்தார்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "பருப்பு நாலு பேருக்குத்தாங்க கீது. மிச்சப் பேருக்கு அடுத்த மாசம்தான்."

எண்ணினேன். ஊக்கு நான்காவது, நான் ஐந்தாவது. மற்றவர்கள் புங்கமர நிழலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அதன்பின் நடந்தது என் கால் பெருவிரல் தன்னிச்சையாக எடுத்த முடிவு. நான் அதை எதிர்க்கவில்லை, அவ்வளவே.

கையெல்லாம் கரும்புச் சோகை கீறிய தடங்களோடு அக்கா திரும்பி வந்தபோது, முதல் மூன்று பேர் பருப்பு வாங்கிக்கொண்டு மீண்டும் நிழலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சன்னல் முன் நின்றிருந்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

"இன்னா தம்பி, நான் வெட்டிக்கினு இருந்த நேரத்துல என் செருப்பு தானா நடந்து பின்னால போயிடுச்சா?"

நிழலிலிருந்து ஒரு குரல் வந்தது. "கப்பு வாங்கிக்கினு வந்த புள்ளதானே அது? செருப்புக்கு வாயில்லன்னு நெனச்சிக்கிச்சு போல!"

சிரிப்பு பரவியது. வேறு வழியின்றி நான் அரசிடம் முறையிட்டேன். அதாவது கடைக்காரரைப் பார்த்தேன். அவர் கைரேகைக் கருவியிலிருந்து தலை நிமிரவில்லை.

"வரிச உங்க பாடு. எனக்கு ரேகை வுழுந்தா போதும்."

அரசு விலகிக்கொண்டது. அறம் எழுந்து வந்தது. ஒரு பெண்மணி என் செருப்பைக் குச்சியால் தூக்கி, வரிசையின் கடைசிக்கும் கடைசியில் போட்டார். அக்கா ரேகை வைத்து, பருப்பை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். என் வாதம் எள்ளளவும் பிசகாமல் மெய்ப்பிக்கப்பட்டது, எனக்கு எதிராக.

புறப்பட்டவர் நின்றார். "எங்க செருப்பப் பத்தி மேடையில பேசினியாமே. இதையும் பேசுவியா?"

மூன்று நொடி மௌனம். இது பழகாதது. மேடைத் தமிழ் எங்கோ ஒளிந்துகொள்ள, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"பேசறேன்க்கா. அடுத்த மேடையில இதே கதையத்தான் சொல்வேன். நகத்துனது என் காலுதான்னும் சேத்தே சொல்வேன்."