காலை மடக்கி ஓட்டிய கார்

யுத்தம் முடிந்து மாங்கேணிப் பக்கம் வழுவழுவென்று தார் இழைத்த காபட் ரோட்டுப் போட்ட பிறகுதான், என்னைக் கலியாணம் முடிக்க லண்டனிலிருந்து என் மாமா மகன் வந்தான். எங்கள் குடும்பத்தில் படித்துப் பட்டம் எடுத்தவள் நான் ஒருத்திதான். அது அவனுக்கு ஒரு நகையைப் போல. மனைவியின் கழுத்தில் கிடந்தால் நன்றாயிருக்கும்.

மாங்கேணியில் மூத்த மாமா வீட்டில் வெற்றிலை வைத்துவிட்டால் பேச்சு முற்றாகிவிடும். நான் வேண்டாமென்று சொல்லியிருந்தேன். அதை ஒரு பதிலாக யாரும் எடுக்கவில்லை, அம்மா உட்பட. மாங்கேணிக்குப் புறப்பட்ட அன்று காலை என்னை அவன் காரின் முன்சீட்டில் இருத்திவிட்டு அவள் பின்னால் ஏறிக்கொண்டாள்.

கொழும்பில் வாடகைக்கு எடுத்த கார். ஓட்டமாவடி தாண்டியதும் மச்சான் ஸ்டியரிங்கில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, இரண்டு காலையும் தூக்கிச் சீட்டில் சம்மணம் போட்டுக்கொண்டான். குரூஸ் கன்ட்ரோலாம். வேகத்தை ஒருதரம் சொல்லிவிட்டால் கார் அதே வேகத்தில் ஓடுமாம், காலுக்கு வேலையே இல்லையாம். தானே கண்டுபிடித்தவன் போல விளக்கினான். சுனாமிக்குப் பிறகு நிவாரண அலுவலகப் பிக்கப்பை ரோடே இல்லாத இடங்களில் ஓட்டியவள் நான். அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"லண்டன் வந்தா உனக்கும் இப்பிடித்தான். ஒண்டும் செய்யத் தேவல்ல."

"அப்ப என்னை என்னத்துக்குக் கூட்டிப் போறீங்க, மச்சான்?"

பின்னாலிருந்து அம்மா என் தோளைக் கிள்ளினாள்.

அறுவடைக் காலம் அது. வயல் வட்டையில் விளைந்த நெல்லை ரோட்டின் ஒரு பாதியில் காயப்போட்டு, சுற்றிவரக் கல்லும் கொப்பும் வைத்திருந்தார்கள். அதைக் கண்டால் எங்கள் பக்கத்து லொறிக்காரனும் மறுபாதிக்கு விலகுவான்; எதிரே ஏதும் வந்தால் நின்று, அது போனபின் போவான். அன்று எதிரே பஸ் வந்தது. மச்சான் பிறேக்கை மிதிக்கப் பார்த்தான், சம்மணம் அவிழவில்லை. பொத்தான் இருந்த ஞாபகமும் வரவில்லை. கார் தனக்குச் சொன்ன வேகத்திலேயே கல்லைத் தெறிக்கவைத்து நெல்லுக்குள் ஏறியது. காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த பெண் பற்றைக்குள் பாய்ந்து தப்பினாள். நெல் முடிந்த இடத்தில்தான் அவன் கால் பிறேக்கில் பட்டது.

"ரோட்டில காயப்போட்டா இப்பிடித்தான்" என்றான், கண்ணாடியைக்கூட இறக்காமல்.

அம்மா இறங்கினாள். ஊரார் வயல்களில் கூலிக்கு அரிவு வெட்டி என்னைப் படிப்பித்தவள் அவள். வெற்றிலை வைக்கவென்று உடுத்த சேலையோடு குந்தி, மணலில் சிதறிய நெல்லைக் கூட்டி அள்ளினாள். நானும் அந்தப் பெண்ணும் பக்கத்தில் குந்தினோம். காருக்குள்ளிருந்து மச்சான் ஹோன் அடித்தான். பிறகு, "நேரம் போகுது மாமி" என்று அம்மாவைக் கூப்பிட்டான்.

அம்மா நிமிரவில்லை. "நீங்க போங்க மனே. நாங்க பஸ்ஸில போறம்."

"மாங்கேணிக்கா?"

"எங்கட ஊருக்கு."

மச்சான் காரைக் கிளப்பிக்கொண்டு போனான். முதலில் தடுமாறிய கார், சற்றுத் தூரத்தில் ஒரே சீரான வேகத்துக்கு வந்தது. காலை மறுபடி மடக்கியிருப்பான்.