குப்பைத் தொட்டியில் போட்ட டோலக்

இன்று என் போனில்...

ஒரு சின்னப் படத்தின் கீழே இருந்ததை நானே எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டேன்!

குப்... பைத்... தொட்டி.

வாசித்ததும் அப்படி ஒரு சிரிப்பு. என் மனைவி ஸ்டெல்லா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்னங்க, தனியா சிரிக்கிறீங்க? மாத்திரை போட்டீங்களா இல்லையா?"

போட்டேன். சிரிப்பு அதனால் வரவில்லை. இந்தத் தொட்டிக்கும் எனக்கும் பழைய பகை.

(போன வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறேன். பிழை இருந்தால் திட்டுங்கள். ஆனால் இப்போது எனக்கு வாசிக்கத் தெரியும், ஜாக்கிரதை!)

எண்பதுகளின் கடைசி. பகலில் ஜூரோங்கில் கப்பலுக்குச் சாயம் அடிப்பேன். மாலையில் பிடோக் வீட்டில் டோலக் அடிப்பேன். ஸ்டெல்லாவின் தம்பி அருள் கீபோர்டு வாசிப்பான். எங்கள் ஸ்டோர் ரூம்தான் ஸ்டூடியோ. அரிசி மூட்டை, இஸ்திரிப் பெட்டி, நடுவில் ஒரு பழைய கம்ப்யூட்டர்.

வாசித்ததை அந்தக் கம்ப்யூட்டர் நினைவில் வைத்துத் திருப்பி வாசிக்கும். ஆனால் எதற்கும் ஆங்கிலத்தில் கட்டளை தட்ட வேண்டும். எனக்கோ என் பெயரையே எழுதத் தெரியாது!

அதனால் விரல் போகிற வழியைத் தாளமாகப் பாடம் பண்ணிக்கொண்டேன். பாட்டைத் திறக்கத் தகதிமி தக. மூடத் தக தக தோம். அருளைவிட வேகமாகத் திறப்பேன்!

அந்த வருடம் எங்கள் கோவில் தமிழ்ப் பாடகர் குழு கிறிஸ்துமஸ் விழாவில் பிள்ளைகளின் நடனத்துக்கு இசை கேட்டது. குழுவை நடத்திய மாஸ்டர் அதுவரை என்னை மேடைப் பக்கமே விட்டதில்லை.

"சவரி அடிச்சா ஆமென் கூட கேக்காதுய்யா" என்று என்னைக் காட்டிச் சொல்வார்.

இந்த முறை அருள் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தான்.

"சரி. ஆனா டோலக் சத்தம் ஒரு துளி கேட்டாலும் டேப்ப நிறுத்திருவேன். கம்ப்யூட்டர் மியூசிக் மட்டும்தான்!"

எனக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு. ஸ்டெல்லா அதற்காகவே புதுப் புடவை எடுத்துவிட்டாள்.

உடனே அருள் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினான். கட்டளையே தட்ட வேண்டாம், திரை முழுக்கப் படம்! என் விரலில் இருந்த தகதிமி எல்லாம் ஒரே நாளில் வீண்.

பழைய கம்ப்யூட்டரையும், நான் தட்டி வாசிக்கும் எலக்ட்ரானிக் பலகையையும் ஒரு நண்பர் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். பலகையில் கடைசியாக ஒருமுறை முழுப் பாட்டுக்கும் தாளம் வாசித்துப் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். பிறகு பலகை போய்விட்டது.

"இனி உங்க தாளம் உள்ளயே இருக்கும் அத்தான். பத்திரமா!" என்றான் அருள்.

பத்திரமாக இருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன்!

திரையின் மூலையில் ஒரு படம். உருண்டையான உடம்பு. மேலிருந்து கீழாக வார் கட்டியது போலக் கோடு கோடாக இருந்தது. நிமிர்த்தி வைத்த டோலக்கேதான்! எனக்கென்றே ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள், எவ்வளவு மரியாதை என்று நெகிழ்ந்துபோனேன்.

என் தாளத்தை எடுத்து அதற்குள் போட்டேன்.

ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. நன்றி சொல்கிறது போலும் என்று ஒரு கட்டத்தை அழுத்தினேன்.

அருள் வந்து பார்த்தான்.

"அத்தான், தாளம் எங்க?"

"டோலக்குல போட்டிருக்கேன்லா."

"எந்த டோலக்?"

காட்டினேன். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

"அத்தான்... அது குப்பத்தொட்டி! போட்டது அழிஞ்சு போச்சு, இனி திரும்ப வராது! நாளைக்குக் காலைல டேப் குடுக்கணும்!"

திரும்ப வாசிக்கப் பலகை இல்லை. டோலக்கைத் தொட்டால் மாஸ்டர் டேப்பை நிறுத்துவார். ஸ்டெல்லா வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப புடவைய திருப்பிக் குடுத்துரவா?"

எனக்கு வந்த கோபத்தில் பக்கத்தில் கிடந்த காலி அட்டைப்பெட்டியை ஓங்கித் தட்டினேன். புதுக் கம்ப்யூட்டர் வந்த பெட்டி.

தொம்!

அருள் நிமிர்ந்தான்.

"அத்தான், இன்னொரு தடவ தட்டுங்க. மெதுவா!"

மைக்கைப் பெட்டிக்குள் தொங்கவிட்டான். அருள் கீபோர்டில் வாசித்திருந்த பாட்டைக் கம்ப்யூட்டர் திருப்பி வாசிக்க, நான் அட்டைப்பெட்டியைத் தட்ட, இரண்டும் ஒன்றாக டேப்பில் ஏறின. பலமாக அடித்தால் அட்டை கிழிந்துவிடும் என்று பயந்து, வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாக வாசித்தேன்!

விழா அன்று பிள்ளைகள் ஆடினார்கள். டேப் நிற்கவே இல்லை. புதுப் புடவையில் ஸ்டெல்லா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சவரி! அந்தத் தாளம்! டோலக்கத் தொடலையே?"

"சத்தியமா இல்ல மாஸ்டர்."

"அப்ப எங்கருந்துய்யா வந்துச்சு?"

"புதுக் கம்ப்யூட்டரோட வந்துச்சு மாஸ்டர்!"

(பொய் இல்லையே? அருள் மட்டும் என் காலை மிதித்தான்.)

மாஸ்டர் விடவில்லை. அதே கம்ப்யூட்டரைச் சில வாரத்தில் வாங்கிவிட்டார்! ஒரு நாள் தேக்கா மார்க்கெட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பாத்துட்டேன்யா. அந்தச் சத்தம் மட்டும் வரமாட்டேங்குது!"

இனி மறைக்க முடியாது.

"மாஸ்டர்... கம்ப்யூட்டர் வந்த அட்டப்பெட்டிய வச்சிருக்கீங்களா?"

"அட்டப்பெட்டியா? அத அன்னைக்கே குப்பத்தொட்டியில போட்டாச்சு."

"அடடா! நீங்களுமா மாஸ்டர்?"

இன்றைக்கும் என் போனில் அந்தப் படம் எனக்கு டோலக்காகத்தான் தெரிகிறது. உண்மையைச் சொல்லுங்கள், உங்களுக்கு?