நான்காவது தட்டில் நிற்கும் எந்திரம்

மலேசியாவில் நான் வேலை செய்யும் ஜொகூர் தொழிற்சாலையில் தகடு அடிக்கும் பிரஸ் எந்திரத்தின் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளித்திரை உண்டு. உள்ளே கை போனால் எந்திரம் அப்படியே நின்றுவிடும். இரண்டு வாரமாக என் எந்திரம் கை போகாமலே நிற்கிறது. மூன்று தகடு ஒழுங்காக அடிக்கும். நான்காவதில் சிவப்பு விளக்கு எரியும். என் கைகள் இரண்டும் அச்சை இறக்கும் இரண்டு பட்டன்களின் மேல்தான் இருக்கும். மலாய்க்கார ஃபோர்மேன் வந்து, "தங்ஙான் சியாப்பா?" என்பார். யாருடைய கை என்று அர்த்தம். "என்னுடையது இல்லை" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். மெக்கானிக் வந்து கண்ணாடியைத் துடைத்தார், வயரை மாற்றினார். பலன் இல்லை. இங்கே பிரஸ் ஓட்டும் நம் ஆட்கள் இதைப் படித்தால் சிரிக்க வேண்டாம். எனக்கு அந்த நான்கு தட்டுத் தாளம் தெரியும்.

எட்டாவதோடு படிப்பை விட்டு, நாலைந்து ஊர் சுற்றிவிட்டு, கும்மிடிப்பூண்டியில் ஒரு பிரஸ் ஷாப்பில் சேர்ந்தேன். அறையில் என்னோடு தங்கியவன் அத்திப்பட்டு தேவா. பர்மா பஜாரில் பழசாக வாங்கிய ஒரு கையடக்க வீடியோ கேம் வைத்திருந்தான். திரையில் ஈட்டி பிடித்த குட்டி வீரர்கள் நிற்பார்கள். பட்டன்களில் நான்கு தட்டு தட்டினால் அது முரசுக் கட்டளை. ஒரு கட்டளைக்கு முன்னேறுவார்கள், இன்னொன்றுக்குப் பதுங்குவார்கள். எதை எப்போது தட்டுவது என்பதில்தான் சண்டையே. அடுத்த நான்கு தட்டு அவர்கள் முறை. பாடிக்கொண்டே சொன்னதைச் செய்வார்கள். அதுவரை நாம் விரலை அசைக்கக் கூடாது. அசைத்தால் தாளம் உடைந்து படை தடுமாறும். முதல் பாகத்தில் பிழைத்த படை இரண்டாம் பாகத்துக்கும் வந்துவிடும். "செத்தவன் மட்டும் வரமாட்டான், பாத்து தட்டு" என்பான் தேவா.

அதே தாளத்தில்தான் அவன் பிரஸ்ஸும் ஓட்டினான். வலது கையால் தகடு வைக்கும்போது இடது கை இடது பட்டனில் தட்டிக்கொண்டிருக்கும், மூன்று மெதுவாக, நான்காவது அழுத்தி. அதில் ஆபத்தில்லை, இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினால்தான் அச்சு இறங்கும். ஆனால் வேலை பின்தங்கும் நாட்களில் நாங்கள் வலது பட்டனை அமுக்கி, மேலெழாதபடி அட்டைத்துண்டு செருகிவிடுவோம். ஒரு கை மிச்சம். ஒரு மதியம் ஷிப்டு முடிந்து எழுந்தபோது அட்டையை எடுக்க மறந்தேன். அடுத்து அங்கே உட்கார்ந்தவன் தேவா. அட்டை இருப்பது தெரியாமல் வழக்கம்போல் தட்டிக்கொண்டே தகடு வைத்தான்; நான்காவது தட்டில் அச்சு இறங்கி அவனுடைய வலது கட்டைவிரல் போயிற்று. அவனே அட்டை செருகினான் என்று சூப்பர்வைசர் வேலையை விட்டு அனுப்பினார். நான் வாய் திறக்கவில்லை. நான் இங்கே வரக் கிளம்பியபோது அந்த கேமை என் பையில் போட்டான். "வச்சுக்க நைனா. படை உங்கூட வரட்டும்."

போன ஞாயிறு மதியம் அவனுக்குப் போன் செய்து எந்திரம் நிற்பதைச் சொன்னேன்.

"எத்தினி நாளா?"

"ரெண்டு வாரமா."

"எனக்கும் ரெண்டு வாரமாத்தான்டா இல்லாத விரலு சில்லுனுகீது. ஏசி காத்து பட்டா மாரி. மெஷின் எண்ண வாசன வேற. ஊட்ல சொன்னா, உனக்கு இதே பேஜாருன்றாங்கோ."

எங்கள் எந்திரக் கூடத்தில் ஏசி உண்டு. அதை அவனிடம் சொன்னதே இல்லை.

அப்போதுதான் அட்டையை எடுக்க மறந்தது நான்தான் என்று சொன்னேன். பிறகு போனில் நான்கு தட்டு கேட்டது.

"கேட்டுச்சா? சோத்துக் கையாலதான் தட்னேன். கட்ட விரலால."

"தேவா..."

"என்னாண்ட சொல்லி இன்னாடா பிரயோஜனம்? நான் வெக்கலன்னு எனக்குத் தெரியாதா? சூப்பர்வைசராண்ட சொல்லு. அட்டய தேவாவே வச்சுக்கினான்னு இன்னிக்கும் சொல்லிக்கினுகீறான்."

அன்றே நடந்ததைக் குரலில் பதிந்து அந்த சூப்பர்வைசருக்கு அனுப்பினேன். கேட்டுவிட்டார் என்று போன் காட்டுகிறது. பதில் இல்லை.

எந்திரம் இன்றும் நின்றது. ஃபோர்மேன் இப்போது எதுவும் கேட்பதில்லை. தூரத்திலிருந்து என் விரல்களை எண்ணுவதுபோல் பார்க்கிறார். என் குரல் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. தேவாவின் விரல் ஜொகூரில், இந்த ஒளித்திரைக்குள் இருக்கிறது. நான் தட்டியாகிவிட்டது, பதில் வரும்வரை அசையக் கூடாது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு எண்ணுகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதை நான் எண்ணுவதில்லை.